மாட்டுக்கு இடம் தேடிப் போனவர்கள்



“நாலாம் மாடிக்கு மாடு ஏறுமா, தம்பி?”

2017ஆம் ஆண்டு, தென் கெடாவில் ஒரு தோட்டத்து லயத்து வாசலில் ஒரு பாட்டி என்னைக் கேட்ட கேள்வி இது. அன்று காலைப் பிரட்டில் நிர்வாகத்தின் அறிக்கை ஒன்றைப் படித்திருந்தார்கள். மாடு ஆடு வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்திற்குள் அவற்றை அப்புறப்படுத்திவிட வேண்டும். இரண்டே வரி. அதோடு, தோட்டத்தின் ஒரு பகுதி கைமாறப் போகிறது, லயத்துக் குடும்பங்களுக்கு டவுனில் அடுக்குமாடி வீடு கொடுப்பார்கள் என்று ஒரு பேச்சும் அடிபட்டது. பேச்சுத்தான்; கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்றும் கிடையாது. சங்கத்தின் சார்பில் விவரம் கேட்கப் போன என்னை, ஆபீசுக்குப் போகும் வழியிலேயே பாட்டி மடக்கிவிட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. சிரித்து மழுப்பிவிட்டு நடந்தேன்.

அந்தக் கேள்விக்கு அந்தக் குடும்பமே ஒரு பதிலைத் தேடிக்கொண்டது. பழைய ரப்பர்த் தோட்டம் ஒன்றையும், அதில் பாழடைந்து கிடந்த பலகை வீட்டையும் விலைக்கு வாங்கி, தங்களுக்கும் தங்கள் மாடுகளுக்குமாகச் சேர்த்துச் செப்பனிட்டுக் குடியேறிவிட்டார்கள். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். பெயரும் ஊரும் போட வேண்டாம் என்றார்கள். விலையையும் எழுதக் கூடாதாம். “எழுதினா நாளைக்கே தரகன் வந்து வாசல்ல நிப்பான்” என்பது வீட்டம்மாவின் பயம். பயத்துக்குக் காரணம் உண்டு, பின்னால் வருகிறது.

குடும்பத்தில் ஐந்து பேர். பாட்டி, செம்பனைக் குலை வெட்டிய அவர் மகன், அவரை அண்ணன் என்றே எழுதுகிறேன், மருந்தடிப்பிலும் புல்வெட்டிலும் இருந்த அண்ணி, கூலிம் பக்கம் பேக்டரியில் ஷிப்டு வேலை பார்க்கும் மகன், படிக்கிற மகள். லயத்துப் பின்புறக் கொட்டகையில் பதினொரு உருப்படி மாடு.

நம்மவர்களுக்கும் மாட்டுக்கும் உள்ள உறவு சம்பளச் சீட்டில் வராத உறவு. குடும்பமுள்ள தொழிலாளிக்குப் பயிர் செய்யவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கித் தர வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதியிருந்தது. கருணையால் வந்த சட்டம் என்று நான் நினைக்கவில்லை. கீரையும் பாலும் லயத்திலேயே கிடைத்தால் கூலியை ஏற்றச் சொல்லிக் கேட்க மாட்டான் என்ற கணக்காகத்தான் இருக்கும். எந்தக் கணக்கானால் என்ன, அந்தப் புல்லில் நம் பாட்டன் பூட்டன் மாடு வளர்த்தார்கள். பள்ளி உடுப்பு, தீபாவளிச் சேலை, கல்யாணச் செலவு எல்லாவற்றிலும் பாதி மாட்டு மடியிலிருந்து வந்ததுதான். அன்று இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த மாடுகளின் வம்சத்தை இன்றும் கால்நடை இலாகா ‘லோக்கல் இந்தியன் டெய்ரி’ என்று தனி வகையாகவே குறிக்கிறது. நாளைக்கு மூன்று நான்கு லிட்டர் கறந்தால் பெரிது. ஆனால் நம் வெயிலுக்கும் மழைக்கும் உண்ணிக்கும் ஈடு கொடுத்து நிற்கும்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு மேய்ச்சலுக்குச் சனி பிடித்தது. இளம் மரத்து ஓலையை மாடு கடிக்கிறது என்று நிர்வாகத்துக்குக் கோபம். மருந்தடித்த புல்லை மேய்ந்து மாடு செத்துவிடுமோ என்று நமக்குப் பயம். பாராகுவாட் மருந்து நம் நாட்டில் முழுமையாகத் தடை செய்யப்பட்டது 2020 ஜனவரியில்தான். அதற்கு முன்பு பல வருடம் முதுகில் பம்பைச் சுமந்து அதை அடித்தவர் அண்ணி. ஒரு சினை மாடு பக்கத்து நிரையில் மேய்ந்துவிட்டு வந்து இரண்டாம் நாள் செத்துப்போனதாம். “நான் அடிச்ச மருந்துதான் தம்பி. எந்த நிரைன்னுகூட எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். நானும் கிளறவில்லை.

ஆறு மாதத் தவணையைச் சங்கம் பேசிப் பேசி இழுத்தது. ஆனால் இழுக்கத்தான் முடிந்தது. லயத்தில் மாடு வைத்திருந்த மற்ற குடும்பங்கள் ஒவ்வொன்றாக விற்றுவிட்டன. இவர்கள் மட்டும் விற்கவில்லை. அண்ணனைக் கேட்டால் “அம்மா சம்மதிக்கல” என்பார். பாட்டியைக் கேட்டால் “நான் என்ன சொன்னேன்? அவன்தான் ராத்திரியில எந்திரிச்சுப் போய் மாட்டுக்கிட்ட உக்காந்திருக்கான்” என்பார்.

பணம் எங்கிருந்து வந்தது?

எல்லாரும் கேட்கிற கேள்வி இதுதான். அண்ணனுக்கு 2016இல் 55 வயது நிறைந்தது. சேமநிதியை அன்றே வழித்தெடுத்திருக்கலாம். ஒரு கார், ஒரு கல்யாணம், பழைய கடன் என்று ஒரே வருடத்தில் அந்தப் பணத்தைக் கரைத்துவிட்டு மறுபடியும் கத்தியைத் தூக்கிக்கொண்டு குலை வெட்டப் போனவர்களை நான் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். இவர் தொடவில்லை. மூன்று வருடம் கழித்து, நிலம் கைக்கு வரும் நேரத்தில்தான் எடுத்தார். 50 வயது தாண்டியிருந்த அண்ணியும் தம் சேமநிதியின் இரண்டாம் கணக்கை எடுத்தார். தாலிக்கொடி தவிர மற்ற நகை போயிற்று. மகன் வங்கியில் தனிக்கடன் வாங்கினான். யாரோ ‘கூட்டு’ப் பிடித்துப் புரட்டலாம் என்று அண்ணிக்கு ஆசை காட்டியிருக்கிறார்கள். கூட்டு நடத்துவது 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நடத்துகிறவர் ஓடிப்போனால் போலீசில் போய்ச் சொல்லவும் வாய் வராது. இதில் மட்டும் நான் குறுக்கே விழுந்து தடுத்தேன்.

நிலம் வாங்குவது நமக்குப் புதிதில்லை. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960இல், துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு. அடுத்த ஆண்டே இதே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். என் தாத்தாவும் அப்படிக் கட்டியவர்தான். அந்தப் பங்குச் சீட்டைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். கூட்டாக வாங்கிய தோட்டத்தில் நாம் பங்காளிகள், அது பெருமை. ஆனால் நம் வாசலில் ஒரு முருங்கைக் கம்பை நட்டுவிட்டு, இதை யாரும் வெட்டச் சொல்ல முடியாது என்று நிற்பது வேறு விஷயம் அல்லவா?

முதலில் பார்த்த வீடு

2018 கடைசியில் ஒரு தரகர் வந்தார். அரை ஏக்கர், நல்ல வீடு, தண்ணீர் மின்சாரம் உண்டு, பக்கத்திலேயே ரோடு. விலையோ ஆச்சரியப்படும்படி மலிவு. போய்ப் பார்த்த அன்றே அண்ணி எந்த அறையில் சாமி படம் மாட்டுவது என்று முடிவு செய்துவிட்டார். மகன் ஆயிரம் வெள்ளி முன்பணமும் கொடுத்துவிட்டான். பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். “கிராண்டைப் பார்த்தீங்களா, அண்ணே?” என்று கேட்டேன். “காப்பி காட்டினான் தம்பி, நம்ம பேரு ஏறும்னு சொன்னான்” என்றார்.

மறுநாள் நில இலாகாவுக்குப் போய், கட்டணம் கட்டி ‘சாரியான்’ எடுத்தோம். நிலத்தின் ஜாதகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் யார், விவசாய நிலமா கட்டட நிலமா, விற்கத் தடை உண்டா, வங்கிக்கு அடமானமா, யாராவது ‘கவியாட்’ போட்டுத் தடுத்திருக்கிறார்களா, எல்லாம் அதில் இருக்கும். இந்த ஜாதகத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் பதினேழு பெயர் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பின்னம்.

விஷயம் இதுதான், தோழர்களே. பெரிய விவசாய நிலம் ஒன்றை யாரோ வாங்கி, கம்பு நட்டுக் கோடு போட்டு, அரை அரை ஏக்கராக விற்றிருக்கிறார்கள். கோடு தரையில்தான் இருக்கிறது, கிராண்டில் இல்லை. விவசாய நிலத்தை ஐந்தில் இரண்டு ஹெக்டருக்குக் குறைவாக, அதாவது சுமாராக ஓர் ஏக்கருக்குக் கீழே, பிரித்துத் தனிக் கிராண்ட் எடுக்க நிலச் சட்டம் பொதுவாக இடம் கொடுப்பதில்லை. ஆகவே பெயர் ஏறும் என்று தரகர் சொன்னது பொய்யில்லை. பதினெட்டாவது பெயராக ஏறும்! எந்த மூலை உன்னுடையது என்று மட்டும் எங்கேயும் எழுதியிருக்காது. பதினேழு பேரில் ஒருவர் செத்து அவர் பிள்ளைகள் சண்டை போட்டாலும், ஒருவர் பங்கை நீதிமன்றம் பிடித்தாலும், நம் மாட்டுக் கொட்டகைக்கும் சேர்த்துத்தான் தலைவலி. வங்கிகளும் இப்படிப்பட்ட பங்குக்குக் கடன் தரத் தயங்கும்.

ஆயிரம் வெள்ளி போனது போனதுதான். அண்ணி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான் ஏதோ வீட்டைப் பறித்துக்கொண்ட மாதிரி.

அதற்குப் பிறகு பார்த்த இன்னொரு இடம் மலாய் ஒதுக்கீட்டு நிலம். அது நம் பெயருக்கு மாறாது. யார் எந்த ஒப்பந்தம் எழுதித் தந்தாலும் மாறாது. அதைச் சாரியான் எடுத்த அன்றே விட்டுவிட்டார்கள். ஆயிரம் வெள்ளி கற்றுக் கொடுத்த பாடம்.

பாழ் வீடு

2019இல் கிடைத்ததுதான் இந்த இடம். இரண்டரை ஏக்கர், ஒரே பெயரில் கிராண்ட். ஒரு சீனக் குடும்பம் இரண்டு தலைமுறையாக ரப்பர் வெட்டி, ஷீட் போட்டுப் பிழைத்த இடம். பிள்ளைகள் பினாங்குக்குப் போய்விட, கிழவர் இறந்த பின் வீடு ஏழெட்டு வருடம் பூட்டிக் கிடந்தது. மரங்கள் பால் வற்றி, பட்டை முழுவதும் முடிச்சு முடிச்சாக நின்றன. வீடு செங்கல் காலில் நின்ற பலகை வீடு, தகரக் கூரை, கிணறு ஒன்று, பின்னால் செங்கல்லில் கட்டிய புகைக்கூண்டு, ஷீட் உருட்டுகிற இரண்டு கை மிஷின் துருவேறி நின்றன. வாசலில் ஒரு ரம்புத்தான் மரம் காய்த்துக் கொட்டியிருந்தது. இந்த முறை அண்ணி வாயே திறக்கவில்லை. “சாரியான் எடுத்துட்டு வாங்க, அப்புறம் பேசறேன்” என்றார்.

சாரியான் சுத்தமாக இருந்தது. வக்கீல் வைத்து, பத்து விழுக்காடு முன்பணம் கட்டி ஒப்பந்தம் எழுதினார்கள். முத்திரைத் தீர்வை என்று ஒன்று இருப்பதை அண்ணன் கணக்கில் சேர்க்கவில்லை. முதல் நூறாயிரம் வெள்ளிக்கு நூற்றுக்கு ஒன்று, அதற்கு மேல் ஐந்நூறாயிரம் வரை நூற்றுக்கு இரண்டு. வக்கீல் கட்டணம் வேறு. வீட்டுக்கு என்று எடுத்து வைத்ததில் கணிசமாக அங்கேயே கரைந்தது. பெயர் மாற்றும் 14ஏ பாரத்தில் இரண்டு பெயர், அண்ணனும் அண்ணியும் பாதிப் பாதி. அண்ணி கேட்டு வாங்கிய பாதி அது. கேட்டது நியாயம், நகை யாருடையது?

இனி மாட்டுக் கணக்கு. பெரிய மாடு ஒன்று 350 கிலோ என்றால் நாளைக்கு 35 கிலோவாவது பச்சைப் புல் தின்னும். இரண்டரை ஏக்கரில் வீடு, கொட்டகை, வழி, ஓடை போக ஒன்றரை ஏக்கர்தான் நேப்பியர் புல்லுக்குத் தேறும். பதினொரு மாடு தாங்காது. மகன் நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பார்த்து, ஆறுதான் என்றான். பிரச்சினை அங்கேதான் வந்தது. எந்த ஐந்து?

பாட்டி ஒரு நிபந்தனை போட்டார். வெட்டுக்கு விற்கக் கூடாது, வளர்ப்புக்குத்தான். இரண்டு பசுக்களை அப்படியே பால்காரர் ஒருவரிடம் கொடுத்தார்கள். மீதி மூன்றும் காளை. காளையை வளர்ப்புக்கு யார் வாங்குவார்? ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னால் நல்ல விலை வந்தது. லோரி வந்த அன்று பாட்டியைக் கோயிலுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். திரும்பி வந்த பாட்டி வெறும் கட்டுத்தறிகளைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்கிறார் அண்ணன். இன்றுவரை கேட்கவில்லையாம். அந்தப் பணத்தில்தான் கொட்டகைக்குச் சிமெண்டு போட்டார்கள்.

ஆமாம், வீட்டுக்கு முன்னால் கொட்டகையைத்தான் கட்டினார்கள். அண்ணியின் முடிவு. “வீடு ஒழுகினா பானையை வைக்கலாம். மாட்டு கால்ல புண்ணு வந்தா பால் நின்னுடும்.” மகன் கிணற்றுக்குப் பக்கத்தில், கொஞ்சம் மேட்டில் கட்டலாம் என்றான், தண்ணீர் இறைக்க வசதி. பாட்டி விடவில்லை. மேட்டில் மாட்டைக் கட்டினால் மூத்திரம் எங்கே இறங்கும்? கிணற்றிலிருந்து அறுபது எழுபது அடி தள்ளிப் பள்ளத்துப் பக்கம் போட்டார்கள். சுகாதார இலாகா ஆள் வந்து சொல்லியிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

கொட்டகையைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், நம்மில் பலருக்கு உதவும். நீளம் கிழக்கு மேற்காக, அப்போதுதான் பகல் வெயில் உள்ளே அடிக்காது. மாட்டுக்கு மாடு நாலடி இடம். தரை பின்பக்கம் சரிவு, நாற்பது அடிக்கு ஓரடி என்ற கணக்கில். சிமெண்டு ஈரமாக இருக்கும்போதே தென்னந்துடைப்பத்தால் கோடு இழுத்துவிட்டார்கள், மாடு வழுக்காது. பின்னால் கால்வாய், கால்வாய் முடிவில் சாணிக்குழி, அங்கிருந்து புல்லுக்கு. பழைய புகைக்கூண்டின் கதவை அகலமாக்கித் தீவனம் வைக்கும் அறையாக்கிவிட்டார்கள். செம்பனைப் பிண்ணாக்கு மூட்டைகள் அங்கேதான் இருக்கின்றன. ஒரு எச்சரிக்கை: இந்தப் பிண்ணாக்கு மாட்டுக்கு நல்லது, செம்மறியாட்டுக்கு அதிகம் போட்டால் அதிலுள்ள செம்பு ஈரலில் ஏறிக் கொன்றுவிடும். துரு மிஷின்களைப் பழைய இரும்புக்குப் போட மகன் நினைத்தான். பாட்டி ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டார். சின்ன வயதில் உருட்டிய மிஷினாம். இப்போது அதன்மேல் துணி காய்கிறது.

வீட்டில் ஒன்பது கால். நாலு காலில் அடிப்பக்கம் கரையான் தின்று, விரலை வைத்தால் உள்ளே போயிற்று. லோரி ஜாக்கை வைத்து உத்திரத்தை மெள்ளத் தூக்கி, கெட்ட அடியை இரண்டடி அறுத்து, கீழே காங்கிரீட் கட்டை வார்த்து உட்கார வைத்தார்கள். மேல் மரம் நல்ல வைரம். ஆணி இறங்க மறுத்தது. கூரையில் மழை அடிக்கிற பக்கம் மட்டும் புதுத் தகரம். உள்ளே கூரைத்தட்டு பழைய அஸ்பெஸ்டாஸ். நான் போன அன்று மகனும் கூட்டாளிகளும் அதைச் சுத்தியலால் அடித்து உடைத்துக்கொண்டிருந்தார்கள், வெள்ளைத் தூசி புகை மாதிரி. கத்திவிட்டேன். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் இருபது முப்பது வருடம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். தண்ணீர் தெளித்து நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுத் தகடாக இறக்க வேண்டும். முகமூடி வேண்டும். மிச்சத்தை அப்படித்தான் இறக்கினார்கள். நம் பழைய லயங்களிலும் இந்தக் கூரை உண்டு, மறந்துவிடாதீர்கள்.

கிணற்றைப் பம்பு வைத்து முழுக்க இறைத்து, சுவரைத் தேய்த்து, குளோரின் தூள் போட்டு மறுபடி இறைத்தார்கள். அடியிலிருந்து ஒரு பால் வாளி வந்தது, காண்டாவில் தூக்குவோமே, அந்த வாளி.

ஒரே ஒரு நாள்

2020 பிப்ரவரி கடைசியோடு அண்ணன் வேலையை விட்டார். லயத்தைக் காலி செய்ய ஏப்ரல் முடிய தவணை. அதற்குள் மின்சாரம் வந்துவிடும், சமையல்கட்டை முடித்துவிடலாம் என்று திட்டம். மாடுகளை மட்டும் கால்நடை இலாகாவின் அனுமதிச் சீட்டோடு முன்னாலேயே லோரியில் கொண்டுவந்து கட்டிவிட்டார்கள். அண்ணனும் மகனும் மாறி மாறிக் காவல் படுத்தார்கள்.

மார்ச் 16 இரவு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையைப் பிரதமர் டிவியில் அறிவித்தார். 18ஆம் தேதி முதல் யாரும் வெளியே போகக் கூடாது. லயத்துக்கும் இந்த இடத்துக்கும் இருபது கிலோமீட்டருக்கு மேல். மாடு அங்கே, மனிதர்கள் இங்கே. இடையில் ஒரே ஒரு நாள். 17ஆம் தேதி விடிந்ததும் காய்கறி லோரி ஒன்றைப் பிடித்து, பாத்திரம், பாய், அரிசி, கோழிக்கூண்டு, சாமி படம், பாட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். பாட்டி லயத்து வாசலில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லையாம். பிறந்தது, பிள்ளை பெற்றது, தாலி அறுத்தது எல்லாம் அந்தத் தோட்டத்தில். கடைசியில் அண்ணி, “மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுறது, அத்தை?” என்று கேட்டாராம். எழுந்து நடந்து வந்து லோரியில் ஏறிக்கொண்டார்.

மூன்று மாதம் மண்ணெண்ணெய் விளக்கு. சமையல்கட்டு இல்லாமல் புகைக்கூண்டு வாசலில் மூன்று கல் அடுப்பு. பால் ஊற்ற வெளியே போக முடியவில்லை. முதல் வாரம் பாலைக் கன்றுக்கும் வாசல் மண்ணுக்கும்தான் ஊற்றினார்கள். அப்புறம் பக்கத்து நிலத்து மலாய்க்காரர் ஒருவர் வேலிப் பக்கம் வந்து, பேரப்பிள்ளைக்குப் பால் கிடைக்குமா என்று கேட்டார். அவர் மூலமாக அந்தக் கம்பத்தில் எட்டு வீட்டுக்குப் பால் போக ஆரம்பித்தது. இன்றும் போகிறது.

2021இல் மாட்டுத் தோலில் கட்டி கட்டியாக வரும் நோய் நம் நாட்டுக்குள் நுழைந்தது. ஈயும் கொசுவும் பரப்புகிற நோய். இரண்டு மாடு பிழைத்தது, ஒரு கன்று போயிற்று. அது பாட்டியின் பழைய பசுவின் பேத்தி. கன்றைப் புதைத்த இடத்தில் லயத்திலிருந்து ஒடித்து வந்த முருங்கைக் கம்பை நட்டார்கள். இப்போது கூரைக்கு மேல் போய்விட்டது. எனக்குக் கீரை அதிலிருந்துதான்.

வழி

எல்லாம் பார்த்து வாங்கினார்கள் என்று எழுதினேனே, ஒன்றைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை, அதனால் வெட்கத்தோடு எழுதுகிறேன். சாரியானில் எல்லாம் இருந்தது, வரைபடத்தில் வழி இல்லை. பெரிய ரோட்டிலிருந்து இவர்கள் நிலத்துக்கு வருகிற மண் பாதை, பாலுக்கு வந்தாரே அந்த மலாய்க்காரரின் நிலத்தின் ஊடே வருகிறது. சீனக் கிழவர் காலத்திலிருந்து அப்படியே நடந்து பழகிவிட்டதால் யாரும் கேட்கவில்லை. பாதை கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை.

அவர் இருக்கும்வரை கவலையில்லை. வயது எழுபத்தெட்டு. அவர் பிள்ளைகள் கோலாலம்பூரில். நாளைக்கு நிலத்தை வாங்குகிறவன் வேலி போட்டால், தீவன லோரியும் வராது, பாலும் போகாது. நில இலாகாவில் ‘வழியுரிமை’ என்று கேட்டு மனுப் போட வழி உண்டு. அதிகாரி இரு தரப்பையும் அழைத்து விசாரித்து, பாதை எது, இழப்பீடு எவ்வளவு என்று முடிவு செய்வார். அண்ணன் ஒரு வருடமாகத் தயங்கினார். நல்லவராக நடந்துகொள்கிறவரின் நிலத்தின் மீது இலாகாவில் மனுப் போடுவதா என்று. அண்ணிதான் ஒரு நாள் பால் போத்தலோடு அவர் வீட்டுக்குப் போய், தமக்குத் தெரிந்த மலாயில் விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தாம் கண்ணை மூடுவதற்குள் எழுதி வைத்துவிடுவது நல்லது, பிறகு தம் பிள்ளைகளை நம்பாதே என்றாராம். மனுவில் போட வேண்டிய வரைபடத்துக்கு அவரே கூட நடந்து கம்பு நட்டுக் காட்டினார்.

விசாரணை அடுத்த மாதம். நானும் போகிறேன்.